உருவம் பெரிது, எடை குறைவு: அபு மலையிலிருந்து கண்டறியப்பட்ட டிஓஐ-1789பி கோள்

பெருந்துறையில் கொப்பரை ஏலத்துக்கு மூட்டை கொண்டு போகும் விவசாயிக்கு ஒரு விஷயம் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டையின் அளவைப் பார்த்து எடையைச் சொல்லிவிட முடியாது. ஒரே அளவுள்ள இரண்டு சாக்குகளில் ஒன்றில் கொப்பரையும் மற்றொன்றில் பஞ்சும் இருந்தால் தராசு இரண்டு விடை சொல்லும். இந்த வித்தியாசத்தைத்தான் பள்ளிப் பாடத்தில் அடர்த்தி என்று படிக்கிறோம். ஒரு கன சென்டிமீட்டர் இடத்துக்குள் எத்தனை கிராம் பொருள் இருக்கிறது என்பதே அது. தண்ணீருக்கு 1. நாம் நிற்கும் பூமிக்கு சராசரியாக 5.51. வியாழனுக்கு 1.33. நம் சூரியக் குடும்பத்தில் மிகக் குறைவு சனிக்கோளுக்கு, சுமார் 0.69.

சனியையும் பாதிக்கு மேல் தோற்கடிக்கும் ஒரு கோளை நம் நாட்டு விஞ்ஞானிகளே கண்டறிந்து 2021-இல் அறிவித்தார்கள். அதன் பெயர் டிஓஐ-1789பி. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 0.3 கிராம். அகமதாபாத்தில் விக்ரம் சாராபாய் 1947-இல் தொடங்கிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் குழு, பேராசிரியர் அபிஜித் சக்ரவர்த்தி தலைமையில், ராஜஸ்தானின் அபு மலையில் உள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு இதைச் செய்தது. உலகின் பெரிய தொலைநோக்கிகளோடு ஒப்பிட்டால் 1.2 மீட்டர் என்பது மிகச் சிறியது. அதனால்தான் இந்தக் கண்டுபிடிப்பைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் நாசா ஏவிய டெஸ் என்ற விண்கலம் வானம் முழுவதையும் பகுதி பகுதியாகப் பார்த்து, எந்தெந்த விண்மீனின் ஒளி குறிப்பிட்ட இடைவெளியில் மங்கித் திரும்புகிறது என்று குறித்துக்கொள்கிறது. அப்படிச் சந்தேகத்துக்கு வரும் விண்மீன்களுக்கு டிஓஐ என்று வரிசை எண் கொடுக்கிறார்கள். 1789-ஆவது எண் இந்த விண்மீனுக்கு. பழைய பட்டியல் ஒன்றில் இதற்கு ஹெச்டி 82139 என்ற எண்ணும் உண்டு. கடைசியில் வரும் 'பி' கோளைக் குறிக்கும். அந்த விண்மீனைச் சுற்றுவதாக முதலில் தெரியவந்த கோள் என்று பொருள். 'ஏ' விண்மீனுக்கே உரியது.

விண்மீன் நம்மிலிருந்து சுமார் 725 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று அபு மலையின் கண்ணாடியில் விழும் அதன் ஒளி, ஏறக்குறைய கி.பி. 1300-ஐ ஒட்டி அங்கிருந்து புறப்பட்டது. அப்போது மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. பாரசீகத்தில் நசீருத்தீன் தூசி 1259-இல் நிறுவிய மராகா வானாய்வகம் தொடங்கி நாற்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அளந்தது எப்படி?

725 ஒளியாண்டு தொலைவில் உள்ள கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை, படமும் எடுக்கவில்லை. செய்திகளில் வரும் வண்ணப் படங்கள் எல்லாம் ஓவியரின் கற்பனை. ஆனாலும் கோளின் அளவும் எடையும் தெரிகின்றன. அடர்த்தியைச் சொல்ல இந்த இரண்டும் வேண்டும். இரண்டும் வெவ்வேறு வழியில் கிடைக்கின்றன.

அளவு கிடைப்பது நிழலில். கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்து போகும்போது விண்மீனின் ஒளியில் ஒரு சிறு துண்டை மறைக்கிறது. எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் மறைத்த வட்டு எவ்வளவு பெரியது என்று கணக்கிடலாம். இங்கே குறைந்தது அரை விழுக்காட்டுக்கும் கீழே. தெருவிளக்கின் முன்னால் ஒரு பூச்சி பறப்பதை மைல் கணக்கான தூரத்திலிருந்து கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. டெஸ் விண்கலம் இதைக் கவனித்துச் சொன்னது. பின்னர் அபு மலையிலேயே உள்ள 43 செ.மீ. தொலைநோக்கியும் இந்த மங்கலைப் பதிவு செய்தது.

ஆனால் ஒளி மங்குவது மட்டுமே கோளுக்குச் சாட்சியாகாது. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றி மறைத்தாலும் இதே மாதிரி தெரியலாம். மறைப்பது கோள்தானா என்று தீர்மானிக்க அதை நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு எங்கே? விண்மீன்தான் தராசு. கோளை விண்மீன் இழுப்பதைப் போலவே, கோளும் விண்மீனை இழுக்கிறது. அதனால் விண்மீன் நின்ற இடத்தில் நிற்காமல் லேசாக ஆடுகிறது. நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி துளி நீலப் பக்கமும், விலகும்போது துளி சிவப்புப் பக்கமும் நகர்கிறது. ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் ஒலி மாறுவது போலத்தான்.

இந்தக் கோள் தன் விண்மீனை ஆட்டும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர். மணிக்கு 250 கிலோமீட்டர். ஒரு புல்லட் ரயிலின் வேகம். ஒளியின் வேகத்தோடு ஒப்பிட்டால் கோடியில் இரண்டு பங்கு என்ற அளவில்தான் நிறம் நகரும். அதை அளக்க அபு மலையில் பாராஸ் என்ற நிறமாலைமானி இருக்கிறது. தொலைநோக்கி சேர்த்துத் தரும் ஒளியைக் கண்ணாடி இழை வழியாக இறக்கி, நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டின் இடத்தையும் குறிக்கும் கருவி. இந்த வகையில் இந்தியாவின் முதல் கருவி இதுவே. 2020 டிசம்பரிலிருந்து 2021 மார்ச் வரை இந்த விண்மீனைத் தொடர்ந்து அளந்தார்கள். தாங்கள் அளந்ததை அப்படியே நம்பிவிடாமல், ஏப்ரலில் ஜெர்மனியின் டாட்டன்பர்க் ஆய்வகத்தின் கருவியிலும் அளவு எடுத்துச் சரிபார்த்தார்கள்.

கிடைத்த விடை இது. எடை வியாழனில் சுமார் 70 விழுக்காடு. குறுக்களவு வியாழனைப் போல 1.4 மடங்கு. பூமிக் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். சுமார் 4000 பூமிகளை அடைக்கக்கூடிய இடத்தை அது பிடித்திருக்கிறது. ஆனால் எடையோ 220 பூமிகளுக்குத்தான் சமம்.

இந்த எண்களைத் திருகாணி வைத்து முடுக்கியது போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வுக் கட்டுரையில் எடை 0.70 என்று சொல்லி, அதில் 0.16 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். குறுக்களவு 1.44, ஆனால் 0.24 கூடலாம், 0.14 குறையலாம். இந்திய விண்வெளித் துறையின் செய்திக்குறிப்பில் அடர்த்தி 0.31 என்றும் ஆய்வுக் கட்டுரையில் 0.28 என்றும் இருப்பதைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். இரண்டுமே அந்தப் பிழை எல்லைக்குள் அடங்குகின்றன. தன் அளவீட்டில் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுவது அறிவியலின் வழக்கம். செய்தித்தாள்களுக்கு வரும்போது அந்தப் பகுதிதான் முதலில் வெட்டுப்படுகிறது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த இடத்தைக் காட்டுங்கள். இயற்பியல் செய்முறைத் தேர்வில் பிழைக் கணக்கு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூன்று நாளில் ஓர் ஆண்டு

கோள் தன் விண்மீனை 3.2 நாளில் ஒருமுறை சுற்றிவிடுகிறது. அதாவது அங்கே ஓர் ஆண்டு என்பது நமக்கு மூன்றேகால் நாள். விண்மீனுக்கும் கோளுக்கும் இடையே தூரம் சுமார் 73 லட்சம் கிலோமீட்டர்தான். சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதன்கூட இதைப் போல எட்டு மடங்கு தள்ளி இருக்கிறது. விண்மீனும் சாதாரணமானதல்ல. எடையில் சூரியனைப் போல ஒன்றரை மடங்கு, குறுக்களவில் இரண்டு மடங்குக்கு மேல். இளமையைக் கடந்து, வீங்கத் தொடங்கிவிட்ட விண்மீன். அந்தக் கோளில் நின்று பார்க்க முடிந்தால், நம் வானில் தெரியும் சூரியனைப் போல 45 மடங்கு அகலத்தில் அது நிற்கும்.

பூமி பெறும் வெயிலைப் போல 2000 மடங்குக்கும் மேலான வெயில் அதன் மீது விழுகிறது. வெப்பம் 2000 கெல்வின் வரை, அதாவது சுமார் 1700 டிகிரி செல்சியஸ். இரும்பு 1538 டிகிரியில் உருகிவிடும். சித்திரை வெயிலில் ஈரோடு 40 டிகிரியைத் தாண்டினாலே நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்திகளில் இதை 'மேற்பரப்பு வெப்பம்' என்று எழுதினார்கள். உண்மையில் அங்கே கால் வைக்க மேற்பரப்பு என்று ஒன்று இல்லை. வியாழனைப் போலவே பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும். மேலிருந்து கீழே போகப் போக வாயு நெருக்கமாகிக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஒரு விந்தை என்னவென்றால், இத்தனை பெரிய கோளின் மேல் அடுக்கில் ஈர்ப்பு பூமியைவிடச் சற்றுக் குறைவு. பூமியில் 60 கிலோ காட்டும் தராசு அங்கே 51 கிலோவைத்தான் காட்டும். எடை இருந்தாலும் அது வெகுதூரத்துக்குப் பரந்து கிடப்பதே காரணம்.

'சனிக்கோளைப் பெரிய தொட்டியில் போட்டால் மிதக்கும்' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். டிஓஐ-1789பி-யைப் பற்றியும் அப்படி எழுதுகிறார்கள். அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு என்று புரியவைக்க மட்டும் அந்தப் பேச்சு உதவும். வாயு உருண்டை தண்ணீரில் மிதக்காது, கலைந்து போகும். இந்த உவமையைக் கைவிடலாம் என்றே தோன்றுகிறது.

ஏன் இப்படிப் பெருத்திருக்கிறது?

வெயிலில் வாயு விரியும், அதனால் கோள் பெருத்தது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததாகத் தோன்றும். முடியவில்லை. மேலே விழும் வெயில் கோளின் வெளி அடுக்கைத்தான் சூடாக்குகிறது. எண்ணெயில் போட்ட பூரி உப்புவதற்கு உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வேண்டும். மேல் தோல் மட்டும் சூடானால் உப்பாது. கோளும் அப்படித்தான். இவ்வளவு பெருக்க வேண்டுமானால் வெப்பம் ஆழத்துக்கு இறங்கியாக வேண்டும். அது எந்த வழியாக இறங்குகிறது என்பது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதத்தில் இருக்கும் கேள்வி.

விவாதம் தொடங்கியது ஹெச்டி 209458பி என்ற கோளில். 1995-இல் மிஷெல் மேயர், திதியே கெலோ இருவரும் சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளை அறிவித்தார்கள். 2019-இல் நோபல் பரிசு அவர்களுக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1999-இல், விண்மீனைக் கடந்து போகும் முதல் புறக்கோளாக ஹெச்டி 209458பி பிடிபட்டது. எடை வியாழனில் 70 விழுக்காட்டை ஒட்டி, குறுக்களவு 1.4 மடங்கை ஒட்டி, சுற்றும் காலம் மூன்றரை நாள். நம் அபு மலைக் கோளுக்கு இரட்டைப் பிறவி போன்றது. இவ்வளவு எடைக்கு இவ்வளவு பெரிய உருவம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2003-இல் ஹப்பிள் தொலைநோக்கி பார்த்தபோது அதிலிருந்து ஹைட்ரஜன் விண்வெளிக்குக் கசிந்துகொண்டிருப்பதும் தெரிந்தது.

விடையாக மூன்று கருத்துகள் பெரும்பாலும் பேசப்படுகின்றன. விண்மீனின் ஈர்ப்பு கோளைப் பிசைந்து உள்ளே சூடு உண்டாக்குகிறது என்பது ஒன்று. அங்கே வீசும் கடும் காற்று தன் ஆற்றலை ஆழத்துக்குக் கடத்துகிறது என்பது இன்னொன்று. 2010-இல் வந்த மூன்றாவது கருத்து கொங்கு நாட்டு மோட்டார் பட்டறைக்காரர்களுக்கு எளிதில் புரியும். அந்த வெப்பத்தில் சில அணுக்கள் மின்னூட்டம் பெற்றுவிடுகின்றன. மின்னூட்டம் பெற்ற காற்று கோளின் காந்தப்புலத்துக்குள் வீசும்போது மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரம் உள் அடுக்குகள் வழியாக ஓடும்போது, மோட்டார் காயில் சூடாவது போல, அவையும் சூடாகின்றன.

டிஓஐ-1789 போன்ற முதிரும் விண்மீன்கள் இந்த வழக்கில் முக்கியமான சாட்சிகள். விண்மீன் வயதாக ஆகப் பிரகாசம் கூடுகிறது. கோளின் மேல் விழும் வெயிலும் கூடுகிறது. ஏற்கெனவே ஆறிச் சுருங்கிய கோள் அப்போது மறுபடியும் பெருக்கிறதா? பெருக்கிறது என்றால் வெப்பம் இன்றும் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ஆகும். பெருக்கவில்லை என்றால் இளமையில் வாங்கிய சூட்டையே ஆறவிடாமல் வைத்திருக்கிறது என்று ஆகும். ஒரு கோளை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இப்படிப்பட்டவை நிறைய வேண்டும். இவ்வளவு நெருங்கிச் சுற்றும் இத்தகைய அமைப்புகள் 2021 அறிவிப்பின்போது பத்துக்கும் குறைவாகவே தெரிந்திருந்தன.

பஞ்சு மிட்டாய்க் கோளும் ஈயத்தைவிடக் கனமான கோளும்

குறைந்த அடர்த்தியில் டிஓஐ-1789பி-யைத் தாண்டியவையும் உண்டு. வாஸ்ப்-193பி என்ற கோளின் அடர்த்தி 0.059 மட்டுமே. வியாழனைப் போல ஒன்றரை மடங்கு குறுக்களவு, எடையோ அதில் ஏழில் ஒரு பங்கு. பஞ்சு மிட்டாயோடு ஒப்பிட்டு உலகப் பத்திரிகைகள் எழுதின. 2024-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் மொராக்கோவைச் சேர்ந்த காலித் பர்காவி. அவர் படித்த மராகேஷ் நகரின் காதி இயாள் பல்கலைக்கழகத்துக்கு அட்லஸ் மலையில் ஊகைமதன் என்ற வானாய்வகம் இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்கு இன்னொரு தகவல்: கத்தார் நாட்டின் காலித் அல் சுபையி தலைமையிலான தேடல் 2010-இலேயே கத்தார்-1பி என்ற கோளை அறிவித்தது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்திலும் 1977-இல் யுரேனஸின் வளையங்கள் பதிவாயின. அங்குள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியையும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் கொண்டு, ஏற்கெனவே தெரிந்த ஐந்து வெப்பக் கோள்கள் தம் விண்மீன்களைக் கடப்பதை பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர் மறுபடி அளந்தார்கள். அதில் வாஸ்ப்-12பி ஒன்று. ஒரு நாளும் சொச்சமுமாகத் தன் விண்மீனைச் சுற்றும், ஈர்ப்பால் முட்டை வடிவில் இழுபட்ட, இதுவும் அடர்த்தி குறைந்த கோள்தான்.

இதற்கு நேர் எதிரான கோளையும் அபு மலைக் குழுவே கண்டது. 2023-இல் அவர்கள் அறிவித்த டிஓஐ-4603பி வியாழனைப் போல சுமார் 13 மடங்கு எடை. ஆனால் குறுக்களவு வியாழனுக்கு ஏறக்குறைய சமம். அடர்த்தி 14 கிராம். ஈயத்துக்கே 11.3தான். வாயுக் கோளில் எடையைக் கூட்டிக்கொண்டே போனால் உருவம் பெருக்காது, உள்ளே நெருங்கிக்கொண்டு போகும் என்பதற்கு இது கண்கண்ட சான்று. தூரமும் ஏறக்குறைய அதேதான், 731 ஒளியாண்டு. ஒரே தொலைநோக்கி, ஒரே கருவி. ஒரு பக்கம் பஞ்சு மூட்டை, மறுபக்கம் ஈயக் கட்டி. இப்போது அபு மலையில் 2.5 மீட்டர் தொலைநோக்கியும் பாராஸ்-2 என்ற புதிய கருவியும் வந்துவிட்டன. அவற்றைக் கொண்டு டிஓஐ-6651பி 2024-இலும், டிஓஐ-6038ஏபி 2025-இலும் அறிவிக்கப்பட்டன.

புதிய கோள் என்றதும் 'இரண்டாவது பூமி கிடைத்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது வழக்கமாகிவிட்டது. இங்கே சொன்னவற்றில் ஒன்றிலும் மனிதன் மூச்சு விட முடியாது.

வானில் எங்கே பார்ப்பது?

இந்த விண்மீன் சிம்மத்தின் தலைப் பகுதியில் இருக்கிறது. சிம்மத்தின் பிரகாசமான விண்மீனைத் தமிழில் மகம் என்கிறோம். அரபு வானியலாளர்கள் கல்புல் அசத், அதாவது சிங்கத்தின் இதயம் என்றார்கள். வால் பக்கம் உள்ள உத்திரம் அவர்களுக்கு தனபுல் அசத். இன்று உலகமே வழங்கும் டெனபோலா என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். சிங்கத்தின் முகத்தருகே உள்ள மங்கலான விண்மீனுக்கு அல்தர்ஃப், பார்வை, என்று பெயர். சந்திரனின் 28 மன்ஸில்களில் ஒன்பதாவதின் பெயரும் இதுவே. டிஓஐ-1789 அதற்குச் சற்று வடக்கே இருக்கிறது.

மார்ச் மாதம் இஷா தொழுகை முடிந்து வெளியே வரும் நேரத்தில் சிம்மம் கிழக்கு வானில் நன்றாக மேலேறியிருக்கும். மாதக் கடைசியில் இரவு 9 மணியளவில் பெருந்துறையில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். சிப்காட் விளக்கு வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மகத்தையும் அதற்கு மேலே அரிவாள் போல வளைந்து நிற்கும் விண்மீன்களையும் வெறும் கண்ணால் காணலாம். டிஓஐ-1789 வெறும் கண்ணுக்கு எட்டும் எல்லையைவிட சுமார் 30 மடங்கு மங்கலானது. பள்ளி அறிவியல் மன்றங்களில் வைத்திருக்கும் மூன்று அங்குலத் தொலைநோக்கியில் ஒரு புள்ளியாகத் தெரியும். கோள் தெரியாது.

இந்தியர்கள் பெயர் சூட்டிய புறக்கோள் ஒன்றும் அந்தப் பக்கமே இருக்கிறது. சிம்மத்துக்குத் தெற்கே உள்ள ஹெச்டி 86081 என்ற விண்மீனுக்கு, இயற்பியலாளர் பிபா சவுத்ரியின் நினைவாக 2019-இல் பிபா என்று பெயரிட்டார்கள். அதன் கோளுக்கு சாந்தமாசா. அந்தப் பெயரை முன்மொழிந்தவர் 13 வயது மாணவர். சாந்தமாசா தன் விண்மீனை நமக்கு முன்னால் கடந்து போவது பதிவாகவில்லை. அதனால் நிழல் இல்லை, அளவு இல்லை, அடர்த்தியும் இல்லை. டிஓஐ-1789பி-க்கு அடர்த்தி தெரியும், இன்னும் பெயர்தான் வைக்கப்படவில்லை.